மொன்றியலில் லீஃப்ஸ் ஆட்டம்: ரொறன்ரோவிலிருந்து ஒரு வார இறுதிப் பயணத்துக்கான முழு வழிகாட்டி

முதல் தடவை மொன்றியலுக்கு, நம் ரொறன்ரோ ஹொக்கி அணியான லீஃப்ஸின் ஆட்டம் பார்க்கப் போனபோது நாங்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் ஸ்கார்பரோவிலிருந்து காரில் வெளிக்கிட்டோம். ஏறக்குறைய 540 கிலோமீற்றர், ஆறு மணி நேரம், நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு. கிங்ஸ்டனைத் தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கியது. அப்புறம் முன்னால் எங்கோ ஒரு விபத்து. நெடுஞ்சாலை 401 இரண்டு மணி நேரத்துக்கு அசையவில்லை. ஹோட்டலுக்குப் போகாமல் நேரே அரங்குக்கு ஓடினோம். கதிரையில் உட்கார்ந்தபோது முதல் பீரியட் முடிந்து, ஐஸைத் துப்புரவாக்கும் வண்டி சுற்றிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கிய ரிக்கெற்றில் மூன்றில் ஒரு பங்கு நெடுஞ்சாலையிலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஐந்து தடவை போய்வந்துவிட்டேன். நண்பர்களோடு, மனைவியோடு, கடைசியாகப் பத்து வயது மகளோடு. இப்போது எல்லாவற்றையும் சனிக்கிழமை இரவு ஏழு மணியிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிடுகிறேன். பக் (ஹொக்கியில் அடிக்கும் வட்டு) ஐஸில் விழும்போது பசியில்லாமல், களைப்பில்லாமல், குளிரில் விறைக்காமல் உங்கள் கதிரையில் இருக்க வேண்டும். ஹோட்டல், ரயில், சாப்பாடு, உறவினர் வீடு எல்லாவற்றுக்கும் அதைச் சுற்றித்தான் இடம்.

எந்த ஆட்டத்துக்குப் போவது

இந்த அணிகள் விளையாடும் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் அட்டவணை வழக்கமாக ஜூலை மாதம் வெளியாகும். லீஃப்ஸும் மொன்றியல் அணியான கனேடியன்ஸும் ஒரே அட்லாண்டிக் பிரிவில் இருப்பதால் ஒவ்வொரு பருவத்திலும் மொன்றியலில் சந்திப்பார்கள். அதில் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வரும் ஆட்டத்தைப் பாருங்கள். கனடாவில் சனிக்கிழமை இரவு என்றால் தலைமுறை தலைமுறையாக ஹொக்கிதான். அதிலும் இந்த இரண்டு அணிகள் என்றால் அரங்கின் சூடு வேறு. கிழமை நாளில் வரும் ஆட்டத்துக்கு ரிக்கெற் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் இரண்டு நாள் லீவு எடுக்க வேண்டும், அது வார இறுதிப் பயணமாக இருக்காது.

மாதமும் முக்கியம். ஒக்டோபர் என்றால் வீதி நன்றாக இருக்கும், மொன் ருவாயல் மலையில் இலைகள் நிறம் மாறியிருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் இரவில் மறை 20 பாகை வரை போவது அங்கே சாதாரணம். மார்ச்சில் பிளேஓஃப் (கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுகள்) நெருங்குவதால் ஆட்டம் உயிரோடு இருக்கும், ஆனால் பனிப்புயல் முடிந்துவிட்டது என்று நம்ப முடியாது. எனக்குத் தெரிவு இருந்தால் ஒக்டோபர் கடைசி அல்லது நவம்பர்.

இன்னொன்றையும் பாருங்கள்: லீஃப்ஸுக்கு வெள்ளிக்கிழமை இரவும் ஆட்டம் இருக்கிறதா? அடுத்தடுத்த இரவுகளில் விளையாடினால் இரண்டில் ஒன்றுக்குப் பெரும்பாலும் இரண்டாவது கோல்காப்பாளரைத்தான் இறக்குவார்கள், மற்றவர்களின் கால்களும் களைத்திருக்கும். இவ்வளவு செலவழித்துப் போகிறவர்கள் அட்டவணையில் ஒரு வரி மேலே பார்ப்பது நல்லது.

அட்டவணை கையில் இருக்கும்போதே பக்கத்து நகரமான லாவாலில் உள்ள பிளாஸ் பெல் அரங்கில் அந்த வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது என்றும் தேடுங்கள். கனேடியன்ஸின் வளரும் அணியான லாவால் ரொக்கெற் அங்கேதான் விளையாடுகிறது. பெண்கள் தொழில்முறை லீக்கின் மொன்றியல் விக்ருவார் அணிக்கும் அதுதான் வீடு. அந்த லீக் தொடங்கியது 2024 ஜனவரியில். அதே ஏப்ரலில் மொன்றியல், ரொறன்ரோ பெண்கள் அணிகள் கனேடியன்ஸின் வீட்டு அரங்கான பெல் சென்ரரில் மோதியபோது 21,105 பேர் வந்து அரங்கை நிரப்பினார்கள். என் மகள் வெள்ளி இரவு பிளாஸ் பெல்லில் பார்த்த பெண்கள் ஆட்டத்தைத்தான் இன்றைக்கும் பேசுகிறாள். ரிக்கெற் விலையும் சனிக்கிழமை ஆட்டத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

முதலில் ஹோட்டல், பிறகு ரிக்கெற்

கேட்க முறைமாற்றாக இருக்கும். ஆனால் இலவசமாக ரத்துச்செய்யக்கூடிய ஹோட்டல் அறையை அட்டவணை வந்த கிழமையே பிடித்து வைத்தால் நட்டம் ஒன்றும் இல்லை. ரிக்கெற் கிடைக்காவிட்டால் ரத்துச்செய்யலாம். ரிக்கெற் வாங்கிவிட்டு ஹோட்டல் தேடினால் உங்களைப்போலவே நூற்றுக்கணக்கான ரொறன்ரோக்காரர் அதே அறைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முன்பதிவு செய்யும்போது வரைபடத்தைத் திறந்து பெல் சென்ரருக்கு நடக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். பெயரில் ‘மொன்றியல் டவுன்டவுன்’ என்று இருப்பதை நம்ப வேண்டாம். அப்படி ஓர் இடத்தில் நாங்கள் பணம் திருப்பித் தராத அறையைப் பதிவு செய்து, கடைசியில் அது விமான நிலையப் பக்கம் இருந்தது. நள்ளிரவில் இருபது நிமிடம் ராக்ஸி. நடந்து போகக்கூடிய ஹோட்டல் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் மெற்றோவின் ஒரேஞ்ச் பாதையில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு அருகில் எடுங்கள். அரங்குக்குப் பக்கத்தில் உள்ள லூசியன்-லாலியே, பொனவென்ற்யூர் நிலையங்கள் இரண்டும் அதே பாதைதான்.

விலையோடு வரியைக் கூட்டிப் பாருங்கள். கியூபெக்கில் மத்திய வரி 5 வீதம், மாகாண வரி 9.975 வீதம். ஹோட்டலுக்கு அதற்கு மேல் 3.5 வீதம் தங்குமிட வரி.

இனி நம்மவர்களின் பெரிய கேள்வி: மொன்றியலில் சொந்தக்காரர் இருக்கும்போது ஹோட்டலா? எங்கள் பெரியப்பா 1986இல் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். கோட்-டே-நேஜ் பகுதியில் ஆறு பேரோடு ஒரு அப்பார்ட்மென்ற், முதல் குளிர்காலம். அந்த வருடம் பற்றிக் ருவா என்ற இருபது வயதுக் கோல்காப்பாளர் கனேடியன்ஸுக்கு என்எச்எல்லின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை வென்று கொடுத்தார். ஹொக்கி வர்ணனை கேட்டே பிரெஞ்சு பழகியவர் பெரியப்பா. இன்றைக்கும் சிவப்பு ஜேர்சிதான். அவருடைய வீட்டில் தங்கினால் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு, பிறகு தேநீர், பிறகு பக்கத்து வீட்டு அன்ரியைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஐந்து மணி ஆகிவிடும். அன்பை மறுக்கவும் முடியாது. அதனால் ஒரு மாதத்துக்கு முன்பே போன் எடுத்து, ‘பெரியப்பா, சனிக்கிழமை மட்ச், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்களிடம்தான் சாப்பாடு’ என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிறை அவர்களுக்கு என்று ஒதுக்கிச் சொன்னால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். உறவினர் வீட்டில்தான் தங்க வேண்டும், அது புரொசார் பக்கம் என்றால் 2023இல் தொடங்கிய ரெம் ரயில் அங்கிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு வரும். அந்த வார இறுதியில் பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

ரிக்கெற்

கனேடியன்ஸின் வீட்டு ஆட்டங்களுக்கு ரிக்கெற்மாஸ்ரரில் விற்பனை. லீஃப்ஸ் வரும் சனிக்கிழமைதான் பருவத்திலேயே அதிக விலைக்குப் போகும் ஆட்டங்களில் ஒன்று. பொது விற்பனை தொடங்கும் நாளை முன்கூட்டியே குறித்துவைத்து அந்த நிமிடத்திலேயே முயற்சி செய்யுங்கள். தவறினால் அதே தளத்தில் மறுவிற்பனை ரிக்கெற் வரும். சாதாரண ஆட்டத்துக்கு அன்றைய நாள் விலை இறங்கும் என்று காத்திருக்கலாம். இந்த ஆட்டத்துக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம், அதுவும் 540 கிலோமீற்றர் தாண்டிப் போகிறவர்களுக்கு.

நாலு பேராகப் போகிறவர்கள் நாலு கதிரையும் ஒன்றாகத் தேடினால் தெரிவு சுருங்கிவிடும். இரண்டு, இரண்டாகத் தேடுங்கள். ஒரே பகுதியில் முன்பின் வரிசை கிடைத்தாலே போதும். எங்கே உட்காருவது என்றால், என்னுடைய கருத்து மேல்தளத்தின் முன் வரிசைகள். பெல் சென்ரரின் மேல்தளம் செங்குத்தாக ஏறும். அதனால் முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது, ஆட்டம் முழுவதும் ஒரு படம்போல விரியும். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தால் மோதலின் சத்தம் நெஞ்சில் கேட்கும், ஆனால் மறுபக்க மூலையில் என்ன நடக்கிறது என்று திரையைத்தான் பார்க்க வேண்டிவரும். முதல் தடவை போகிறவர்களுக்கு மேலே இருப்பதுதான் நல்லது.

ரிக்கெற் போனில்தான் வரும். ஒவ்வொருவருடைய ரிக்கெற்றையும் அவரவர் போனுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஒருவர் கழிவறையில், ஒருவர் வாசலில் என்று பிரிந்து நிற்கும்போது எல்லா ரிக்கெற்றும் ஒரே போனில் இருந்தால் தலையிடி. வலையில் தனிநபர் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். அதே படத்தை எத்தனை பேருக்கு விற்றார் என்று வாசலில்தான் தெரியவரும்.

எப்படிப் போவது

வெள்ளிக்கிழமையே போங்கள். அரைநாள் லீவு போட்டாவது போங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு விருப்பம் ரயில்தான். யூனியன் ஸ்ரேஷனிலிருந்து மொன்றியல் மத்திய நிலையத்துக்கு வியா ரயில் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். சில ரயில்கள் ஸ்கார்பரோவின் கில்ட்வுட்டிலும் நிற்கும், டவுன்டவுனுக்கு ஓட வேண்டியதில்லை. இறங்கினால் நகரின் நடுவில் நிற்பீர்கள், பெல் சென்ரர் பத்து நிமிட நடை. ஆனால் அந்தத் தண்டவாளத்தில் சரக்கு ரயில்களும் ஓடுவதால் தாமதம் அடிக்கடி வரும். வெள்ளி மாலை ஒரு மணி நேரம் பிந்தினால் இராச் சாப்பாடு பிந்தும், அவ்வளவுதான். சனிக்கிழமை ரயிலில் அதே ஒரு மணி நேரம் உங்கள் நாளையே குழப்பிவிடும். ரயில் ரிக்கெற் முன்கூட்டியே எடுத்தால் மலிவு.

கார் என்றால் நாலு பேருக்குச் செலவு குறையும். பாதி வழியில் கிங்ஸ்டன். அங்கே சாப்பிட்டு, ஓட்டுபவரை மாற்றுங்கள். கோர்ன்வோல் தாண்டினால் மாகாணமும் வீதி இலக்கமும் மாறும்: 401 முடிந்து கியூபெக்கின் 20. புறப்படும் முன் இரண்டு மாகாணங்களின் 511 சேவையிலும் வீதி நிலையைப் பாருங்கள். மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக்கூடாது. ஒன்ராறியோவில் கை தானாகவே திருப்பிவிடும் பழக்கம், அதனால் பக்கத்தில் இருப்பவர் ஞாபகப்படுத்த வேண்டும். வீதியோரம் நிறுத்துவதற்கான பலகைகள் பிரெஞ்சில் இருக்கும், ஒரே கம்பத்தில் மூன்று நாலு. பனி அள்ளும் நாட்களில் சைரன் ஒலித்துக் காரை இழுத்துக்கொண்டு போவார்கள். ஹோட்டலில் காரைப் போட்டுவிட்டு ஞாயிறு வரை தொடாதீர்கள்.

விமானம் ஒரு மணி நேரந்தான். விமான நிலையத்திலிருந்து 747 பஸ் இரவும் பகலும் டவுன்டவுனுக்கு ஓடும்.

பைக்குள் என்ன

ஜேர்சியை ஜக்கெற்றுக்கு மேலே போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்கள் உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை, மேலே ஜேர்சி, அதற்கு மேல் குளிர் ஜக்கெற். வழுக்காத சப்பாத்து. அரங்குக்குப் பெரிய பை கொண்டுபோக வேண்டாம். பிள்ளைகளுக்குக் காதை மூடும் கருவி கட்டாயம். அந்தச் சத்தம் நம் அரங்கின் சத்தம் இல்லை.

சுகாதார அட்டையும் எடுங்கள். அதிலே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: மற்ற மாகாணங்களின் மருத்துவர்கள் ஒன்ராறியோவுக்கு நேரே கணக்கு அனுப்பும் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, கியூபெக் மருத்துவர்கள் அதில் இல்லை. அங்கே மருத்துவரைப் பார்த்தால் நீங்கள் காசு கட்டிவிட்டு, பற்றுச்சீட்டோடு ஒன்ராறியோவின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப்பிடம் பிறகு கேட்க வேண்டிவரலாம், முழுவதும் திரும்பி வராமலும் போகலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் இரண்டு நாளுக்கு ஒரு பயணக் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி இரவு

மெற்றோவுக்கு வார இறுதி அட்டை வாங்குங்கள். வெள்ளி மாலை நாலு மணியிலிருந்து திங்கள் அதிகாலை ஐந்து மணி வரை எத்தனை தடவையும் போகலாம். பெரியவரோடு வரும் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசம். லாவாலுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிளாஸ் பெல் இருக்கும் மொன்மொரன்சி நிலையம் வேறு கட்டண வலயத்தில் இருக்கிறது, அதற்கேற்ற ரிக்கெற் எடுக்க வேண்டும்.

பிளாஸ் பெல்லில் ஒன்றும் இல்லாவிட்டால் நேரத்தோடு சாப்பிட்டுப் படுங்கள். மொன்றியலில் மதுச்சாலைகள் அதிகாலை மூன்று மணி வரை திறந்திருக்கும், குடிக்கும் வயதும் 18தான். வெள்ளி இரவை மூன்று மணி வரை இழுத்த எங்கள் கூட்டாளிகள் சனிக்கிழமை இரண்டாவது பீரியடில் கொட்டாவி விட்டதைக் கண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை, மணிக்கு மணி

காலை ஒன்பது மணிக்கு மைல் எண்ட் பகுதி. வளைய ரொட்டியான பேகலுக்கு அங்கே இரண்டு கடைகள்: சென்-வியாதூர், ஃபேர்மவுண்ட். மொன்றியல் பேகல் ரொறன்ரோவில் கிடைப்பதைவிடச் சிறியது, தேன் கலந்த தண்ணீரில் அவித்து விறகு அடுப்பில் சுடுவார்கள். எள்ளுப் பேகலைச் சூடாக வாங்கி, வெளியே நின்று வெறுமனே சாப்பிட்டுப் பாருங்கள். வேறொன்றும் தடவத் தேவையில்லை. முட்டை சேராதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், மாவில் முட்டை கலப்பதுண்டு.

பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஒரே ஓர் இடம். இரண்டு இடம் வேண்டாம். மலை பிடித்தவர்கள் மொன் ருவாயலில் ஏறி, கொண்டியாரோங்க் முற்றத்திலிருந்து நகரைப் பார்க்கலாம். உயரம் 233 மீற்றர்தான், ஆனால் பனியில் ஏறும்போது கூடத் தோன்றும். பழைய நகரம் விரும்புகிறவர்கள் நோத்ர்-டாம் தேவாலயமும் துறைமுகக் கரையும் பார்க்கலாம். தேவாலயத்துக்கு ரிக்கெற் உண்டு, முன்பே எடுக்கலாம். பெரியவர்களோடு போனால் நான் புனித சூசையப்பர் திருத்தலத்துக்குக் கூட்டிப்போவேன். மலைச்சரிவில் பெரிய குவிமாடத்தோடு நிற்கும். நடுவில் முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்றே 99 படிகள். சைவர், கத்தோலிக்கர் என்று பார்க்காமல் நம் ஆட்கள் போய் மெழுகுதிரி கொளுத்தும் இடம். பெரியம்மா ஒவ்வொரு வருடமும் போவார்.

ஒரு மணிக்கு நல்ல சாப்பாடு, அன்றைய பெரிய சாப்பாடு அதுதான். சென்-லோரன் வீதியில் 1928இலிருந்து நடக்கும் ஷ்வார்ட்ஸில் ஸ்மோக்ட் மீற் சாண்ட்விச். வரிசை நீளம், ஆனால் வேகமாக நகரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இது இல்லை. பூற்றின் என்றாலும் விசாரியுங்கள்: பொரித்த உருளைக்கிழங்கு, சீஸ் கட்டி இரண்டும் சரி, மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாறு. மரக்கறிக் குழம்பு வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள். சோறுதான் வேண்டும் என்றால் பார்க்-எக்ஸ்ரென்ஷன் பகுதியில் தெற்காசியக் கடைகள் வரிசையாக இருக்கும்.

மூன்று மணிக்கு ஹோட்டல். சப்பாத்தைக் கழற்றி, காலை நீட்டி, ஒரு மணி நேரம் படுங்கள். போனைச் சார்ஜில் போடுங்கள். இந்த ஒரு மணி நேரத்தை வீணென்று நினைத்து இன்னோர் அருங்காட்சியகத்தைச் செருகுகிறவர்களுக்கு மூன்றாவது பீரியடில் கால் வலிக்கும்.

நாலரைக்கு வெளிக்கிடுங்கள், அரங்குக்கு நேரே அல்ல. ட்ரமண்ட் வீதிக்கும் ஸ்ரான்லி வீதிக்கும் இடையில் இன்று வாகனத் தரிப்பிடக் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் விக்ரோரியா ஸ்கேற்றிங் ரிங்க் இருந்தது. 1875 மார்ச் 3 அன்று, உள்ளரங்கில் ஒழுங்குபடுத்தி நடந்த முதல் ஹொக்கி ஆட்டம் அங்கேதான். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து எகிறிப் பார்வையாளரைத் தாக்கிவிடும் என்று தட்டையான மரவட்டை வைத்து விளையாடினார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் பெல் சென்ரர். முதல் ஆட்டத்திலிருந்து இன்றைய ஆட்டம் வரை இந்த நாலு தெருவுக்குள்ளேயே நடந்திருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்ப்பாக இருக்கும்.

அரங்கின் வெளியே கனேடியன்ஸின் புகழ்பெற்ற வீரர்கள் ஹோவி மொரென்ஸ், மொரீஸ் ரிஷார், ஜோன் பெலிவோ, கீ லஃப்ளூர் நாலு பேருக்கும் சிலைகள். ரிஷாரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1955 மார்ச்சில் லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் அவரைப் பருவத்தின் மிச்ச ஆட்டங்களுக்கும் பிளேஓஃபுக்கும் தடைசெய்தார். மார்ச் 17 இரவு கனேடியன்ஸின் அன்றைய அரங்கான ஃபோரத்தில் தொடங்கிய கோபம் சென்-கத்ரின் வீதி முழுக்கக் கலவரமாகப் பரவியது. ஆங்கிலேய முதலாளிகளின் நகரில் தாழ்ந்து வாழ்ந்த பிரெஞ்சு மக்கள் அந்தத் தடையைத் தங்கள் மேல் விழுந்த அடியாகப் பார்த்தார்கள். மொழிக்காக ஒரு சனம் எப்படி எழும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் அந்தச் சிவப்புக் கூட்டத்தின் ஆரவாரம் வேறு மாதிரிக் கேட்கும்.

அரங்கினுள்

ஐந்தே முக்காலுக்கு வாசல் வரிசையில் நில்லுங்கள். ஆறரைக்கு இரு அணிகளும் வோர்ம்-அப்புக்கு ஐஸில் இறங்கும். ஏறக்குறைய கால் மணி நேரம் நடக்கும், பிள்ளைகளோடு போனால் அதைத் தவறவிடாதீர்கள். கண்ணாடிப் பக்கம் போய்ப் பார்க்கலாம், பதாகை பிடித்தால் சில வீரர்கள் பக்கை மேலே தூக்கிப் போடுவார்கள். ஏழு மணி என்று போட்டிருந்தாலும் பக் விழுவது ஏழைத் தாண்டிச் சில நிமிடத்தில். மூன்று பீரியட், ஒவ்வொன்றும் இருபது நிமிடம், நடுவில் இரண்டு இடைவேளை. சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் இடைவேளையில் போகாதீர்கள், 21,000 பேரும் அப்போதுதான் போவார்கள். பீரியட் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போதோ, ஆட்டத்துக்கு முன் ஆறேகாலுக்கோ போய்விடுங்கள்.

அறிவிப்புகள் முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில். ரொன்டெல் என்றால் பக், பூனிசியோன் என்றால் தண்டனை, அவன்தாஜ் நூமெரிக் என்றால் பவர் பிளே, அதாவது தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம். கூரையைப் பாருங்கள்: 24 ஸ்ரான்லி கிண்ணங்களுக்கான கொடிகள். நம்முடையவை 13, கடைசியாக 1967இல், அதுவும் இதே கனேடியன்ஸைத் தோற்கடித்து. அவர்களுக்கு 1993க்குப் பிறகு இல்லை.

நீல ஜேர்சி போட்டுப் போகப் பயப்பட வேண்டாம். அரங்கில் ஆயிரக்கணக்கில் நீலம் இருக்கும். ‘கோ லீஃப்ஸ் கோ’ என்று நீங்கள் தொடங்கினால் முழு அரங்கும் ‘கோ ஹாப்ஸ் கோ’ என்று அதை மூடிவிடும் (ஹாப்ஸ் என்பது கனேடியன்ஸின் செல்லப் பெயர்). அந்த மோதல்தான் இந்த இரவின் உயிர். நம் அணி கோல் போட்டால் எழுந்து கத்துங்கள், பிறகு உட்காருங்கள். பின்னால் இருப்பவரும் காசு கொடுத்து வந்தவர். 2021 பிளேஓஃபைப் பற்றி யாராவது உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்து தோற்றோம், அது உண்மை, ஒத்துக்கொண்டு சிரித்துவிட்டால் அடுத்த நிமிடம் நண்பராகிவிடுவார்கள். போன தடவை பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் மகளுக்குத் தன் சிவப்புத் தொப்பியைக் கொடுத்தார். அவள் அதை நீல ஜேர்சியோடு போட்டுக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும்

ஓவர்டைம் இல்லாவிட்டால் பத்து மணிக்கு முன் முடியும். உடனே வெளியே ஓடாமல் பத்து நிமிடம் கதிரையிலேயே இருங்கள், படிக்கட்டுகளின் நெரிசல் குறையும். குளிர் அதிகம் என்றால் அரங்கிலிருந்து மெற்றோவுக்கும் மத்திய ரயில் நிலையத்துக்கும் நிலத்தடிப் பாதையாலேயே போகலாம். மெற்றோ நள்ளிரவு தாண்டியும் ஓடும். ராக்ஸி வேண்டுமென்றால் நாலு தெரு தள்ளி நடந்து போய் அழையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

காரில் வந்தவர்கள் ஹோட்டலை விட்டதும் டொலார்-டே-ஓர்மோவில் உள்ள முருகன் கோயிலுக்குப் போகலாம். நகரின் மேற்குப் பக்கம், திரும்பி வரும் திசைதான். அப்புறம் பெரியப்பா வீடு. நண்டுக் கறி, புட்டு, முதல்நாள் ஆட்டத்தைப் பற்றி இரண்டு மணி நேர விசாரணை. வென்றாலும் தோற்றாலும் அவர் 1986இல்தான் போய் முடிப்பார். இரண்டு மணிக்கு எழுந்தால்தான் இரவு எட்டு, எட்டரைக்கு ஸ்கார்பரோவில் இருக்கலாம். ஞாயிறு மாலை 401 ரொறன்ரோவை நெருங்க நெருங்கக் கட்டிப்போகும். ரயிலில் போகிறவர்கள் பின்னேர ரயிலை எடுங்கள், காலை ரயில் எடுத்தால் ஞாயிறு கிடையாது.

காலையில் ஓட்டல் விடும் முன் மறுபடி மைல் எண்டுக்கு ஒரு நடை போய் இரண்டு டசின் பேகல் வாங்கிவிடுங்கள். பிளாஸ்ரிக் பையில் கட்டாதீர்கள், சூட்டில் வேர்த்து ஈரமாகிவிடும். காகிதப் பையோடு பின் சீற்றில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே இரண்டாக வெட்டி ஃப்ரீசரில் போடுங்கள். அடுத்த சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, லீஃப்ஸ் எங்கே விளையாடினாலும், ரோஸ்ரரில் போட்டு எடுக்கலாம்.